அதேதான் என்று வாங்கிய சென்சார்

அந்தத் தெருவில் அவரை எல்லாரும் ‘டிரைவரம்மா’ என்றே அழைத்தனர். உண்மையில் அவருக்கு மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாது. திருமணமாகி வந்த புதிதில், மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, “டிரைவர் எழுதுறா” என்று மாமியார் பதில் சொல்லியிருக்கிறார். எழுதுவது வழியிலேயே உதிர்ந்துபோய், டிரைவர் மட்டும் தெருவில் நிலைத்துவிட்டது. எந்தத் தடத்துப் பேருந்து என்று சிலர் உண்மையாகவே விசாரித்ததும் உண்டு. அவர் மறுத்ததில்லை. மறுத்தால் விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் தம் வீட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்.

விளக்கம் ஒன்றும் அவ்வளவு கடினமன்று. மருந்துக் கடைகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு உள்ளே ஒரு மின்பலகை இருக்கிறது. அதில் ஒரு சிறிய கணினி. அதைச் சுற்றி வெப்பநிலையை அளக்கும் சென்சார், எச்சரிக்கை மணி, மின்கலம் எனப் பல உறுப்புகள். கணினியின் இயங்குதளத்துக்கும் இவ்வுறுப்புகளுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அத்தகைய நிரல்களை எழுதுவதே அவருடைய பணி.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல், இரண்டாம் தளத்தில் இருந்தது. படிக்கட்டின் ஒருபுறச் சுவர் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். டிரைவரம்மாவின் மேசை சன்னலை ஒட்டியது. அதன்மேல் மின்பலகைகள் வயிறு கிழிந்தாற்போல் மல்லாந்து கிடக்கும். வண்ண வண்ணக் கம்பிகள் அவற்றின் வாயிலிருந்து வெளியே தொங்கும். சென்சாரைச் சூடாக்க அவர் முடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்தினார்; குளிர வைக்க, அலுவலகக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டுப் பனிக்கட்டி வைத்திருந்தார். அந்தத் தட்டில் ‘தின்பதற்கு அல்ல’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அப்படியிருந்தும் கோடையில் அது அடிக்கடி காலியாகும்.

பெட்டியை இயக்கியதும் இயங்குதளம் விழித்துக்கொள்ளும். ஆனால், தன்னைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. கூட்டுக்குடும்பத்துக்குள் முதன்முதலாக நுழையும் விருந்தாளியின் நிலைதான். இவர் மாமா, அவர் சித்தப்பா, மூலையில் உட்கார்ந்திருப்பவர் யாருடனும் பேசமாட்டார் என்று எவரேனும் சொல்லிவைக்க வேண்டும். அவ்வாறு சொல்லிவைக்கும் கோப்பை அலுவலகத்தில் ‘டிவைஸ் ட்ரீ’ என்பார்கள். எந்த உறுப்பு, எந்தக் கம்பியின் முனையில், எந்தப் பெயரோடு இருக்கிறது என்பதை அதில் எழுதவேண்டும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் இயங்குதளம் அதற்குரிய டிரைவரைத் தேடிப் பிடிக்கும். பெயர் எழுதுவதற்கு ஒரு முறையும் இருந்தது. உறுப்பின் சரியான பெயர் முதலில். பெரும்பாலும் அதைப் போலவே நடந்துகொள்ளும் மூத்த உறுப்பு ஏதேனும் இருந்தால் அதன் பெயர் அடுத்து. “என்னைத் தெரியாதா? பரவாயில்லை, எங்க அண்ணனைத் தெரியும்ல? அவரை நடத்துற மாதிரியே என்னையும் நடத்து” என்பதே இரண்டாம் பெயரின் பொருள்.

இம்முறையைக் கண்ணுங் கருத்துமாகக் காத்தவர், அங்கிருந்த மூத்த பொறியாளர். எவர் எழுதிய மாற்றமும் அவர் பார்த்து ஒப்பிய பின்னரே பெட்டிகளுக்குப் போகும். எதையும் முதல்முறையில் அவர் ஒப்பியதே இல்லையாதலால், ‘முட்டுக்கட்டை’ என்று அவருக்குப் பெயர் வந்தது. அப்பெயர் தமக்கு இருப்பது அவருக்கும் தெரியும். “முட்டுக்கட்டை இல்லேன்னா வண்டி பள்ளத்துல தான் நிக்கும்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

டிரைவரம்மாவின் கணவரும் அதே நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார். முதல் தளத்தில் கொள்முதல் பிரிவு. உறுப்புகளை விசாரித்து, விலை பேசி, வரவழைப்பது அவருடைய பொறுப்பு. இனிமையாகப் பேசுவார். விற்பவர்கள் அவரை விரும்பினார்கள். அவரும் விற்பவர்களை நம்பினார். அவ்வாண்டு வழக்கமாக வாங்கும் வெப்பச் சென்சார் எங்கும் கிடைக்கவில்லை. பெட்டிகளுக்கு முன்பதிவு செய்திருந்தவர்கள் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அச்சமயத்தில், அதே தயாரிப்பாளரின் புதிய சென்சார் ஒன்றை ஒரு விற்பனையாளர் கொண்டுவந்து காட்டினார். வடிவம் ஒன்று, கால்கள் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. “அதேதான் சார், உறை மட்டும் புதுசு” என்றார் விற்பனையாளர். கணவர் வாங்கினார். உறுப்பு மாறினால் கொள்முதல் மேலாளரிடம் எழுதிக்கேட்டு ஒப்புதல் பெறவேண்டும் என்பது விதி. அதேதான் என்றால் மாறவில்லை என்றுதானே பொருள்? எனவே அவர் கேட்கவில்லை.

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது டிரைவரம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

“சென்சார் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு, அதேதான்.”

டிரைவரம்மாவும் பழைய டிவைஸ் ட்ரீயை அப்படியே படியெடுத்துப் புதிய பெட்டிகளில் ஏற்றினார். பெட்டிகள் ஓடின. ஓடுகிற பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் எவருக்கும் இல்லை. இத்துறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் பிழை இது. மனிதர்களைத் தவறான பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உறுப்புகளோ அண்ணன் பெயரைச் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கும், பதிலும் சொல்லும்.

சில மாதங்கள் கழிந்தன. மின்தடையின்போது மின்கலம் நெடுநேரம் தாங்க வேண்டும் என்பதற்காக, சென்சாரை உறங்கவைத்து அவ்வப்போது மட்டும் எழுப்பிக் கேட்கும் ஏற்பாட்டைப் பெட்டிகளில் செய்திருந்தார்கள். புதிய பெட்டி ஒன்றில் அதைச் சோதித்துக்கொண்டிருந்த டிரைவரம்மா, சென்சாரைப் பனிக்கட்டித் தட்டில் அழுத்தினார். திரையில் அறையின் வெப்பம் தெரிந்தது. அடுத்த முறை கேட்டபோதுதான் குளிரைச் சொன்னது. முடி உலர்த்தியைக் காட்டினார். இப்போது குளிர் என்றது, அதற்கடுத்த முறை வெப்பம் என்றது. ஒவ்வொரு விடையும் முந்தைய கேள்விக்குரியதாக இருந்தது.

அவர் சென்சாரைக் கழற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். உடலில் பொறித்திருந்த எண் வேறு. அதற்குரிய கையேட்டைத் தேடிப் படித்தார். புதிய சென்சார் பழையதைவிடத் துல்லியமானது. ஆனால் உறக்கத்திலிருந்து எழுந்து அளந்து முடிக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அவசரப்பட்டுக் கேட்டால், கடைசியாக அளந்து வைத்திருந்ததையே ஒப்பிக்கும். மின்தடையில் பெட்டி சூடாகத் தொடங்கினால், எச்சரிக்கை மணி ஒரு சுற்றுத் தாமதமாகவே ஒலிக்கும்.

அன்று மாலை, கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது டிரைவரம்மா அவர் எதிரில் சென்சாரை வைத்தார்.

“என்ன இது?”

“நீங்க வாங்கினது. அது இல்ல இது.”

“அதேதான்னு சொன்னானே!”

“விக்கிறவன் வேற என்னங்க சொல்லுவான்? தூங்கி எழுந்ததும் இது பேசாது. அதுக்குள்ள கேட்டா எல்லாத்துக்கும் நேத்து சொன்னதையே சொல்லும்.”

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். “இவனும் அப்படித்தான். காலையில எழுப்பிக் காப்பி வேணுமான்னு கேட்டா, பல்லு தேய்ச்சாச்சும்பான்.”

கணவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். “மேலாளருக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல.”

“ஒப்புதல் இல்லாம வாங்கினதுக்குப் போன வருஷம் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினாங்க. ஞாபகம் இருக்குல்ல?” சென்சாரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “டிரைவரையே கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்ல முடியாதா? பழசு, புதுசு எல்லாத்துக்கும் சேர்த்து? யாருக்கும் தெரியவே வேண்டாமே.”

அவ்வாறு செய்ய முடியும். அதைச் செய்வது எளிது என்பதுதான் சிக்கல். மறுநாள் டிரைவரம்மா அதையே எழுதியும் பார்த்தார். அந்தப் பெயருடைய எந்தச் சென்சாரானாலும், எழுப்பியபின் புதியதற்கு வேண்டிய நேரம்வரை காத்திருக்க வேண்டும் என ஒரு வரி. விடைகள் சரியாக வந்தன. பிறகு பழைய பெட்டி ஒன்றை மின்கலத்தில் ஓடவிட்டார். முன்னைவிட வெகு விரைவில் மின்கலம் தீர்ந்துபோனது. மின்சாரம் அடிக்கடி போகும் இடங்களில்தான் பழைய பெட்டிகள் அதிகம் இருந்தன. சரி, பழையவற்றை மட்டும் விட்டுவிடலாமென்றால், எது பழையது, எது புதியது? இந்த வகைச் சென்சார் தன் பெயரைத் தானே சொல்லாது. கேட்டால் வெப்பநிலையைத்தான் சொல்லும். பெயரைச் சொல்ல வேண்டியது டிவைஸ் ட்ரீ. அதில் இரண்டுக்கும் ஒரே பெயரை அவர் எழுதி வைத்திருந்தார்.

எனினும் அந்த ஒரு வரியை அவர் முட்டுக்கட்டையிடம் அனுப்பினார். வேலை போகக்கூடியவர் வீட்டு மனிதர் அல்லவா? முட்டுக்கட்டை தேநீர்க் கோப்பையோடு எழுந்து வந்து மேசையருகே நின்றார்.

“எல்லாச் சென்சாரும் ஏம்மா காத்திருக்கணும்?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான், சார்.”

“யாருக்குப் பாதுகாப்பு?”

டிரைவரம்மா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். முட்டுக்கட்டையும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒப்புதல் மட்டும் வரவில்லை.

அன்று வீட்டில், உண்மைப் பெயரை நாளை எழுதிவிடப் போவதாக டிரைவரம்மா கணவரிடம் சொன்னார். அதற்கு முன்பு மேலாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கணவர் தலையசைத்தார். மறுநாள் காலையில் அவர் மேலாளரின் அறை வாசல்வரை போனார். மேலாளர் தொலைபேசியில் இருந்தார். மீண்டும் போனார், அப்போதும் இருந்தார். அதற்குள் மேல் தளத்தில் டிரைவரம்மா எழுதி முடித்துவிட்டார். முதலில் புதிய சென்சாரின் சரியான பெயர். அடுத்துப் பழையதன் பெயர். டிரைவரில் காத்திருப்பையும் அந்தப் புதிய பெயருக்கு மட்டுமே வைத்தார். அவ்வாறு எழுதும்போது, மாற்றத்திற்கான காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ‘முந்தையது என்று கருதி வாங்கப்பட்டதால்’ என்று எழுதியிருந்தார். முட்டுக்கட்டை அந்த வரியை நீக்கச் சொன்னார். “யாரு வாங்கினா, ஏன் வாங்கினாங்கங்கிறது டிவைஸ் ட்ரீக்கு வேண்டாம்மா. பலகையில என்ன இருக்கோ அதை மட்டும் எழுது.”

வரி நீங்கியது. ஆனால் பெயர் நின்றது. புதிய பெயரைக் கண்டதும், உறுப்புகளைச் சோதிக்கும் தரப் பிரிவு கேட்டது; தரப் பிரிவு கேட்டதும் மேலாளர் கணவரைக் கூப்பிட்டார்.

கொள்முதல் மேலாளர் நேரந்தவறாதவர். சட்டை மடிப்புக் கலையாதவர். விதி என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் மேசையை விரலால் ஒருமுறை தட்டுவார். அன்று பலமுறை தட்டினார். விசாரணை நடக்கும் என்றும், அது முடியும்வரை கணவர் எதையும் வாங்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. அதுவரை அவர் சும்மா இருக்கவேண்டாம். கடை கடையாகப் போய்ப் பெட்டிகளைத் திறந்து, எதில் எந்தச் சென்சார் இருக்கிறதென்று பார்த்துச் சொல்லட்டும் என்றார் மேலாளர்.

“கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?” என்று கணவர் வீட்டில் கேட்டார். “நான் வாசல்லதான் நின்னேன்.”

“வாசல்ல நின்னது எனக்கு எப்படிங்க தெரியும்?”

அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியவற்றை மாமியார் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். சட்டை எங்கே என்று கேட்டுச் சொல். கொடியில் கிடக்கிறது என்று சொல்லுங்கள். மாமியாரின் அனுதாபம் தொடக்கத்தில் மகன் பக்கமே இருந்தது. “கட்டினவனையே காட்டிக் கொடுத்திட்டு, கையில சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா பாரு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆனால் தூது நடந்து கால் வலித்ததும் அவருடைய நடுநிலை திரும்பிவிட்டது. “ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? இவ சொன்னதை அவன்கிட்டயும், அவன் சொன்னதை இவகிட்டயும் மாத்தி மாத்திச் சொல்ல நான் என்னடா, டிரைவரா?” என்றார். தம் மருமகளின் வேலையை அவர் ஒருமுறையாவது சரியாக விளக்கியது அப்போதுதான்; அதை அவர் அறியவில்லை.

கணவர் ஒரு திருப்புளியும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டு பேருந்தில் அலைந்தார். மருந்துக் கடைக்காரர்கள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். “போன தடவை ஒருத்தர் திறந்தார், அப்புறம் ரெண்டு நாள் ஓடலை” என்றார் ஒருவர். “நீங்க நல்லாத் திறப்பீங்களா?” என்றார் மற்றொருவர். பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே தலையை நுழைத்து, சென்சாரின்மேல் இருப்பதைப் படித்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மறுமுனையில் டிரைவரம்மா. அலுவலகப் பணி என்பதால் அங்கே மட்டும் பேச்சு நடந்தது.

“பழசு.”

“சரி.”

“புதுசு.”

“சரி.”

ஒவ்வொன்றுக்கும் அவர் சரியான பெயரைப் பதித்து, அந்தப் பெட்டிக்கு அனுப்புவார். புதியவை காத்திருக்கும், பழையவை முன்போல் உடனே பேசும். இப்பணியை நேரில் பார்க்க வேண்டும் என்று மேலாளரும் மேல் தளத்துக்கு வந்து, மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கச் சொல்வார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய மருந்துக் கடையிலிருந்து கணவர் அழைத்தார். தொடக்கத்தில் மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டது.

“பழசா, புதுசா?” என்றார் டிரைவரம்மா.

“ரெண்டும் இல்ல.”

“ரெண்டும் இல்லைன்னா?”

“வேற ஏதோ. கம்பெனியே வேற. சால்டர் ஈயம் வெச்ச இடம் கறுத்துப் போயிருக்கு. யாரோ ரிப்பேர்ல மாத்தியிருக்காங்க. எண்ணைப் படிக்கிறேன், எழுதிக்கோ.”

அவர் எண்ணைப் படித்தார். டிரைவரம்மா எழுதினார். முட்டுக்கட்டை தம் இடத்திலிருந்து எழுந்து வந்தார். மேலாளர் மட்டும் அசையவில்லை. மேசையில் இருந்த விரல் தட்டாமல் அப்படியே நின்றது.

“அது எப்ப மாத்தினதுன்னு கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க” என்றார் முட்டுக்கட்டை.

கடைக்காரரின் குரல் தூரத்தில் கேட்டது. பல ஆண்டுகளுக்கு முன்பு, தான் அந்தக் கடையை வாங்கிய ஆண்டில் பழுதாகி, நிறுவனத்திலிருந்தே ஆள் வந்து மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். அவ்வாண்டில் டிரைவரம்மாவின் கணவர் அந்நிறுவனத்தில் சேர்ந்திருக்கவே இல்லை. அன்று கொள்முதல் இருக்கையில் இருந்தவர், இன்று எதிரே உட்கார்ந்திருப்பவர்.

“அப்ப ஸ்டாக் இல்ல” என்றார் மேலாளர். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. “ரிப்பேருக்குன்னு கொஞ்சம் வாங்கினேன். அதேதான் அது.”

தொலைபேசியின் மறுமுனையிலும் இது கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து பின்பலகையைத் திருகி மூடும் ஓசை வந்தது.

“அதுக்கும் ஒரு பேர் எழுதும்மா” என்றார் முட்டுக்கட்டை. “யாரு வாங்கினாங்கன்னு வேண்டாம்.”

“அடுத்த கடைக்குப் போகட்டுமா?” என்று கணவர் கேட்டார்.

“போங்க” என்றார் டிரைவரம்மா. “வெயில்ல நடக்காதீங்க, ஆட்டோவில போங்க.”

ஊர் முழுக்கப் பெட்டிகளைப் பார்த்து முடித்தபோது, அந்த மூன்றாம் வகை இன்னும் சில இடங்களிலும் இருந்தது தெரியவந்தது. அது விரைவில் விழித்துக்கொள்ளும் வகைதான். தீங்கு ஒன்றும் நேரவில்லை. விசாரணைக்கு நாள் குறிக்கப்படவே இல்லை. கைவிடப்பட்டதாகவும் யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வாங்க வேண்டிய மின்கலங்கள் பற்றிய தாள்களை மேலாளர் கணவரின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கணவர் விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்து விலை கேட்டார். தம் வேலை தமக்கு உண்டென்று அவர் அறிந்துகொண்டது அவ்வாறுதான்.

அன்று இரவு உணவின்போது மாமியார் நேராகக் கேட்டார். “வேலை இருக்கா, போச்சா? எதையாவது ஒண்ணைச் சொல்லுங்கடா.”

“இருக்கும்மா.”

“யாரு புண்ணியம்?”

“யாரு புண்ணியமும் இல்ல. மேலாளரும் என்னை மாதிரிதான் இருந்திருக்கார். அவ்வளவுதான்.”

டிரைவரம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தார். “உங்களை மாதிரி இல்ல. அவர் வாங்கினது வேற கம்பெனி. பார்த்த உடனே தெரியும். தெரிஞ்சேதான் வாங்கினார். நீங்க தெரியாம வாங்கினீங்க.”

“ரெண்டும் தப்புதானே?”

“தப்புதான். ஆனா வேற வேற தப்பு.”

 கணவர் தண்ணீர்ச் செம்பை டிரைவரம்மா பக்கமாக நகர்த்திவைத்தார்.